முடிச்சக்காவும் முப்பத்தொரு ஜோடி ஷூவும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டு நடக்கும் ஒரே பெரிய மனுஷி முடிச்சக்காதான். தண்டனை இல்லை, வேலை. களிமண் பொம்மை, காகிதப் பூ என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வெளியிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், அரை மணி நேரம் முன்பே வகுப்பைத் திறந்து, ஆறு வயசுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி, மேசைக்கு மேசை முட்டியாலேயே போய் வருவாள். நின்று பார்க்கிறவர்களுக்கு அது அழகான அறை. இறங்கிப் பார்த்தால்தான் மேசையின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணியும், இழுத்தால் தலையில் விழத் தயாராக இருக்கும் ஒயரும் கண்ணில் படும்.

களிமண் சொல்லித்தர வந்த ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இன்னும் தொலைக்கல. அதுக்குத்தான் இப்பவே தேடறேன்" என்றாள்.

அன்றைக்கு வெட்டும் வேலையும் இருந்தது. பதினாறு கத்தரிக்கோல் வெளியே போனது. பதினைந்துதான் திரும்பி வந்தது. முடிச்சக்கா கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். மணி அடித்தது, அவள் அசையவில்லை. கடைசியில் அந்தப் பதினாறாவது கத்தரிக்கோல், களிமண்காரரின் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கப்புறம் அவர் வரும்போதெல்லாம் பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போவார்.

சம்பளப் பட்டியலில் அவள் 'உதவியாளர்'. பத்தொன்பது வருஷமாக அந்த ஒரே சொல். முடிச்சக்கா என்பது பிள்ளைகள் வைத்த பேர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூங்காவுக்குப் போன இடத்தில் ஒரு சிறுமி தன் ஷூ கயிற்றையே மிதித்துப் படியில் உருண்டு, முன்பல் இரண்டையும் உடைத்துக்கொண்டாள். யாரும் முடிச்சக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே தன்னை ஒரு வருஷம் திட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வெளியே போகிற நாளெல்லாம், பஸ் ஏறும் முன் ஒவ்வொரு பிள்ளையின் ஷூவையும் அவளே கட்டிவிடுவாள். இரட்டை முடிச்சு போட்டு, மிச்ச வால் இரண்டையும் உள்பக்கமாகச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. ஓடினாலும் உருண்டாலும் அவிழாது. பஸ்ஸில் மற்றவர்கள் தலையை எண்ணுவார்கள். இவள் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே போவாள்.

இதனால் ஒரு தடவை வம்பிலும் மாட்டினாள். போன தடவை மிருகக்காட்சி சாலையிலிருந்து திரும்பும்போது ஒரு ஜோடி ஷூவில் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. "இது நான் போட்டதில்ல, ஒரு பிள்ளை மாறிடுச்சு" என்று பஸ்ஸை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டாள். பார்த்தால், இரண்டு பயல்கள் புல்தரையில் உட்கார்ந்து ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு, தாங்களே கட்டியும் இருக்கிறார்கள். பள்ளி வாசலில் காத்திருந்த பெற்றோர்கள் பெரிய மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய மிஸ், அதாவது தலைமை ஆசிரியை, மறுநாள் முடிச்சக்காவைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் இவளுக்கு அதிகம் வலித்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க வெளிய போக வேண்டாம். இங்கயே இருந்துக்கலாம்."

இங்கே என்றால் தரை, தண்ணீர்க் குழாய், சாமான் அறை. அந்த வேலைக்கு அவள் முகம் சுளித்ததே இல்லை. ஆனால் பிள்ளைகளோடு வெளியே போகிற நாள்தான் அவளுடைய நாள். அன்றைக்கு மட்டும் அவள் இரண்டு அங்குலம் வளர்ந்து நிற்பாள். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் தையல்காரர், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "மிச்சம் நான் இருக்கேன்ல" என்றார். "அதான் கவலையா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த பயணம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு. இரண்டாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். கூட வந்தது வகுப்பு மிஸ், முடிச்சக்கா, பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணன். பயணத்துக்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் மூன்று கட்டம்: பெரிய மிஸ், வகுப்பு மிஸ், டிரைவர். திரும்பும்போது வகுப்பு மிஸ் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பஸ் கிளம்பும். முடிச்சக்காவுக்குக் கட்டம் கிடையாது.

மத்தியானம் வரை எல்லாம் நன்றாக நடந்தது. வகுப்பில் 'ஏன்சாமி' என்று ஒருவன் உண்டு. வாய் திறந்தாலே ஏன் என்றுதான் வரும். ஏரியில் ஏன் மூடி இல்லை என்பதிலிருந்து, வாத்துக்கு ஏன் ஷூ இல்லை என்பது வரை முடிச்சக்காவின் காதைத் தின்றுவிட்டான். பிறகு தூறல் போட்டது. பூங்காக்காரர்கள் நல்ல மனசோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் மஞ்சள் மழைக்கோட்டு கொடுத்தார்கள். தலை மூடும், முழங்காலுக்குக் கீழே வரை வரும். அதே நேரத்தில் வேறொரு பள்ளியும் வந்திருந்தது. அவர்களுக்கும் அதே மஞ்சள்தான். மழை வலுத்ததும் இரண்டு பள்ளியும் ஒரே கூரைக்கு அடியில் ஒண்டி, ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடின.

வகுப்பு மிஸ் எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று. கையெழுத்துப் போட்டாள். டிரைவர் அண்ணன் வண்டியை உறுமவிட்டார். முன்னால் அந்தப் பள்ளி பஸ் வெளி வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

முடிச்சக்கா குனிந்தபடி நடந்து வந்தாள். ஒன்பதாவது இருக்கையில் நின்றுவிட்டாள். ஜன்னலோரம் மஞ்சள் மூட்டை மாதிரி ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஷூவில் ஒற்றை முடிச்சு. வால் இரண்டும் வெளியே தொங்கின.

போன தடவையும் இதே மாதிரிதானே பார்த்தாள், இதே மாதிரிதானே நின்றாள். மழையில் அவிழ்ந்து, அதுவாகவே கட்டிக்கொண்டிருக்கலாம். சும்மா போய் உட்கார்ந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. படிவத்தில் அவள் பேரே இல்லை.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க."

வகுப்பு மிஸ் திரும்பினாள். நல்ல பெண், சின்ன வயசு, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, தயவுசெஞ்சு வேண்டாம். ரெண்டு தடவ எண்ணிட்டேன். சரியா இருக்கு. போன தடவையும் முடிச்சுன்னுதான் சொன்னீங்க."

"எண்ணிக்கை சரிதான் மிஸ். பிள்ளை சரியான்னு பாக்கணும்."

சொல்லிக்கொண்டே அந்த மழைக்கோட்டின் தலைமூடியை மெதுவாக விலக்கினாள். உள்ளே கொழுகொழுவென்று ஒரு முகம், வாயோரம் எச்சில் வழிய, நிம்மதியான தூக்கம். யார் வீட்டுப் பிள்ளையோ. இந்த வகுப்பில் அப்படி ஒரு முகம் இல்லவே இல்லை.

வகுப்பு மிஸ்ஸின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "அப்ப நம்ம பிள்ளை?"

பஸ் முழுக்க யாருமே ஏன் என்று கேட்காமல் இருந்தது அப்போதுதான் முடிச்சக்காவுக்கு உறைத்தது. ஏரி ஒரு பக்கம், வாசலுக்குப் போகும் பஸ் ஒரு பக்கம். எங்கே ஓடுவது? இங்கே ஒரு பிள்ளை கூடுதல் என்றால் அங்கே ஒன்று குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் அவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பார்களா? அவர்களுக்கும் எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறது. அப்படியானால் பையன் அங்கேதான்.

"மிஸ், நீங்க யாரையும் இறங்க விடாதீங்க. அண்ணே, ஹாரன அடிச்சிக்கிட்டே இருங்க." அவள் மிஸ்ஸுக்கு உத்தரவு போட்டது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். ஐம்பத்து மூன்று வயசு, இடது முட்டி பழுது. அந்த முட்டிக்கும் அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. வாசலில் ஒரு லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததால் அந்த பஸ் காத்து நின்றது. நேராகப் போய் அதன் மூக்குக்கு முன்னால் நின்றாள்.

அந்தப் பள்ளி ஆசிரியர் கோபமாகத்தான் கதவைத் திறந்தார். அவள் தோளில் இருந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எண்ணினேங்க" என்றார். "சரியா இருந்துச்சு."

"எங்களுக்கும் சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போய்க் குனிந்தாள். வரிசை வரிசையாக யார் யாரோ கட்டிய முடிச்சுகள். பின்னாலிருந்து மூன்றாவது இருக்கையில் இரட்டை முடிச்சு, வால் உள்ளே. பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"முடிச்சக்கா, நீங்க ஏன் இந்த பஸ்ல ஏறினீங்க?"

அவள் அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவன் பிஸ்கட் நொறுங்குகிறதே என்று கவலைப்பட்டான்.

அடுத்த நாள் வகுப்பு மிஸ் எதையும் மறைக்கவில்லை. பெரிய மிஸ் முன்னால், ஏன்சாமியின் அப்பா அம்மா முன்னால் நின்று சொன்னாள். "நான் எண்ணி, கையெழுத்தும் போட்டுட்டேன். பிள்ளையப் பாத்தது அக்காதான்." அப்படி ஒப்புக்கொள்ள ஒரு நெஞ்சு வேண்டும். அந்தப் பெண்ணை முடிச்சக்காவுக்கு அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. பெரிய மிஸ் பயணப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்கேலைத் தேடினார்.

அடுத்த பயணத்துக்கு இன்னும் ஒரு மாசம் ஆனது. காலையில் முப்பத்தொரு ஜோடி ஷூவையும் கட்டி முடித்து நிமிர்ந்தபோது வகுப்பு மிஸ் படிவத்தை நீட்டினாள். மூன்று கட்டத்துக்கு மேலே பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தது. அச்சடித்த கோடுகளைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே அவள் பேர். பக்கத்தில் 'பொறுப்பாளர்'.

"நீங்க போட்டப்புறம்தான் நாங்க போடணுமாம் அக்கா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பேரையும் எழுதினாள். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் சாயங்காலம் எப்படிச் சொல்வது என்று அப்போதே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது. அதை ஒளித்து வைக்க அவள் முயற்சி செய்யவில்லை.

எல்லோரும் ஏறினார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் வகுப்பு மிஸ்ஸைப் பார்க்கவில்லை.

"போலாமா அக்கா?"

அவள் முதல் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை குனிந்தபடியே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"போலாம்."