பாயலில் நின்ற படகும் பாலுக்கு அழுத பிள்ளையும்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஓணம் கழிந்த அடுத்த வாரம். நான் அப்போது எறணாகுளத்தில் பி.ஏ. முதல் வருஷம். வீடு மட்டாஞ்சேரியில், படகுத் துறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். தினமும் படகேறித்தான் காலேஜ். ஆனால் போன வழியிலேயே திரும்பி வருவதெல்லாம் ஒரு பயணமா? எதிரே நீளமாகப் படுத்திருக்கும் வெல்லிங்டன் தீவை ஒரு முறையாவது முழுசாகச் சுற்றி வர வேண்டும், அதன் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. என் தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த ஆசை வந்ததாகத் தெரியவில்லை.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பையனுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. இரண்டு பேரையும் பம்பாய்க்கு அழைத்துப் போக அத்திம்பேர் வந்திருந்தார். நான் தீவுப் பேச்சை எடுத்ததும் அவர் "போலாமே" என்றார். அதைவிட ஆச்சரியம், அக்காவும் "நானும் வரேன்" என்றாள்.

"பச்ச ஒடம்புக்காரி! ஒனக்கென்னடீ படகும் துறையும்?" என்றாள் அம்மா.

"மூணு மாசமா இந்த உத்தரத்தையே பாத்துண்டு படுத்திருக்கேன்மா. நாளன்னிக்கு ரயிலேத்திடுவா. பம்பாய்ல ஜன்னலத் தொறந்தா எதிர்த்தாத்து சுவர்தான். ஒரு நாள் தண்ணியப் பாத்துட்டு வந்துடறேனே."

அம்மா இளகிவிட்டாள். ஆனால் பிள்ளையைத் துறைமுகக் காற்றில் கொண்டுபோக மட்டும் சம்மதிக்கவில்லை. தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பயல் தாய்ப்பாலைத் தவிர எதையும் தொட மாட்டான். பாலாடையில் பசும்பாலைப் புகட்டினால் நம் முகத்திலேயே துப்புவான். அதனால் காலையில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது, அடுத்த பசிக்கு அவன் அழுவதற்குள் திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று. மோட்டார் படகு வைத்திருந்த சேட்டன் ஒருவரிடம் பேசினேன். "ஒரே ஒரு ரவுண்டல்லே? ஊணுக்கு முன்னாடி வீட்ல கொண்டு விடறேன், மோளே" என்றார்.

அந்தக் காலை வேளையை இப்போது நினைத்தாலும் மூக்கில் சுக்கும் மிளகும் மணக்கிறது. கிடங்குகளின் பின்வாசல்கள் தண்ணீரைப் பார்த்தே இருக்கும். மூட்டை ஏற்றுகிற கெட்டுவள்ளங்களை ஒட்டியே போனோம். காயல் கடலில் கலக்கும் அழிமுகம் நெருங்கியதும் சீன வலைகள் வரிசையாகக் குனிந்து நிமிர்ந்தன. திடீரென்று படகுக்குப் பக்கத்தில் கரிய முதுகு ஒன்று வளைந்து முழுகியது. டால்ஃபின்! பின்னாலேயே இன்னொன்று, சின்னது. "தோ பாரு, அம்மாவும் குட்டியும்!" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். படகு ஆடியது, அத்திம்பேர் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த என் அக்கா அன்று திரும்ப வந்திருந்தாள். கப்பல்களில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, இது எந்த தேசம், அது எந்த தேசம் என்று அத்திம்பேர் உயிரை எடுத்தாள்.

தீவின் முனையைச் சுற்றி, எறணாகுளத்தை இடப்பக்கம் விட்டுத் தெற்கே இறங்கினோம். தேவரா பக்கம் வந்தபோது, தீவையும் எறணாகுளத்தையும் சேர்க்கிற பாலத்துக்குக் கீழே பச்சைப் பசேலென்று ஒரு வயல்.

"தண்ணிக்கு நடுவுல யாருடீ நெல்லு நட்டா?" என்றாள் அக்கா.

நெல்லில்லை, பாயல். மழைக்காலத்தில் காயல் முழுக்க ஜமுக்காளம் விரித்த மாதிரி மிதந்து வருமே, ஆப்பிரிக்கப் பாயல் என்று எங்கள் ஊரில் திட்டுவோமே, அந்த நீர்ச்செடி. கொக்குகள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தன. நாங்கள் அழகு, அழகு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் கர்ரென்று இருமி நின்றுவிட்டது. கடல் வற்றுகிற இறக்கத்தில் தெற்கேயிருந்து வந்த பாயல் பாலத்தூண்களுக்கு இடையில் பிதுங்கி, எங்களைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது.

சேட்டன் கழியால் குத்திப் பார்த்தார். பாயல் கழியையும் பிடித்து வைத்துக்கொண்டது. கத்தியோடு இறங்கி, இன்ஜின் விசிறியில் சுற்றியதை அறுத்துப் போட்டார். அறுத்த இடத்தில் புதிதாக வந்து சேர்ந்தது. "நாசம் பிடிச்ச சாதனம்!" என்று ஏறி உட்கார்ந்தார். "கடல் ஏற்றம் வந்தா தன்னாலே பின்னோட்டுப் போகும். பேடிக்க வேண்டா."

"ஏற்றம் எப்போ வரும்?"

"உச்ச கழியணும்."

மத்தியானம் கழிய வேண்டுமாம். அக்கா அண்ணாந்து சூரியன் எங்கே நிற்கிறதென்று பார்த்தாள்.

எங்கள் தலைக்கு மேலே பாலத்தில் மட்டாஞ்சேரி பஸ் போய்க்கொண்டே இருந்தது. அதில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீடு. நானும் அத்திம்பேரும் கையை ஆட்டிக் கத்தினோம். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பக் கையாட்டினார்கள். ஒருவர் துண்டையே வீசி ஆட்டினார்! உல்லாசப் பயணம் வந்த கோஷ்டி என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் ஏறியது. அக்கா தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். ரவிக்கை நனைந்து புடவையும் ஈரமாகிவிட்டது.

"அவன் அழறான்" என்றாள்.

"அம்மா ஏதாவது கொடுத்திருப்பாடீ."

"குடிக்க மாட்டான். எனக்குத் தெரியாதா? இங்க கல்லு மாதிரி கட்டிண்டு வலிக்கறது. அங்க அவன் தொண்டை வறண்டு..." அத்திம்பேர் அவள் முகத்தில் வெயில் படாமல் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சேட்டன் எங்களைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி, "மாதாவே, ஒண்ணு ஏறித் தா" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஒரு வழியாக ஏற்றம் வந்தது. பாயல் பெரிய பெரிய துண்டாகப் பிரிந்து விலக, படகு நகர்ந்தது. தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டித் துறைக்கு வந்தபோது மத்தியானம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அக்கா செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

வாசலில் அப்படியே நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. அழுகைச் சத்தம் கேட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நடுக்கூடத்தில் ஊஞ்சல் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. குஜராத்தில் கட்ச் பக்கமிருந்து வந்த கச்சிக்கார முஸ்லிம் குடும்பம், அரிசி வியாபாரம். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, எங்கள் பயலைவிட ஒரு மாதம் மூத்தது. அம்மாவுக்கும் அவளுக்கும் சுவருக்கு மேலே கறிவேப்பிலை கொடுக்கிற சிநேகிதம் உண்டு. மடி, ஆசாரம் பார்க்கிற எங்கள் வீட்டுக்குள் அதுவரை அவள் கால் வைத்ததில்லை. அவள் மடியில் எங்கள் பிள்ளை வாயோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மா, மடிப்புடவையோடு, அவளுக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்!

"கள்ளன்! என் மோளோட பங்கையும் சேர்த்துக் குடிச்சுட்டான்" என்றாள் அவள்.

அம்மா பிறகு சொன்னது இது. பசும்பால், சர்க்கரைத் தண்ணீர் எல்லாவற்றையும் துப்பி, அழுது அழுது பிள்ளையின் குரலே கம்மிவிட்டதாம். பின்கதவைத் தட்டி அவள் வந்து நின்றாளாம். "ஞான் கொடுக்கட்டே?" என்று ஒரே கேள்வி. அம்மா பிள்ளையை நீட்டிவிட்டாள்.

அக்கா பிள்ளையை முத்தமிட்டாள், எழுப்பப் பார்த்தாள். அவன் அசையவே இல்லை. வயிறு முட்டியிருந்தது. அவளுக்கோ வலி தாங்கவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டுக் குழந்தை எழுந்து வீறிட்டது.

"அவளுக்கு நான் என்ன கொடுப்பேன், எல்லாம் இவன் காலி பண்ணிட்டானே" என்று பக்கத்துவீட்டுக்காரி சிரித்தபடி எழுந்தாள்.

"இங்க கொண்டு வாங்கோ" என்றாள் அக்கா.

இப்போது அவள் தயங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "கொண்டு வாயேன், கொழந்தை அழறது" என்று அம்மா அதட்டினாள்.

அந்தக் கூடத்தில் அந்தப் பெண் குழந்தை என் அக்காவிடம் முட்டி முட்டிக் குடித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துவீட்டுக்காரி அம்மாவிடம் ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னாள்: "உம்மா, கேட்டோ, எங்க மார்க்கத்தில் ஒரே பால் குடிச்சா கூடப்பிறப்பு. இனி இவங்க ரெண்டு பேருக்கும் நடுவில கல்யாணம் பாடில்லை, கூடாது."

அம்மா விசிறியை நிறுத்தினாள். "அதுல எங்களுக்கும் பரம சம்மதம்" என்றாள், அதைவிடக் கண்டிப்பாக.

அத்திம்பேர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அவள் கிளம்பும்போது அம்மா தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்தாள். பழக்க தோஷத்தில் குங்குமச் சிமிழை நீட்டிவிட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் தேங்காயையும் பழத்தையும் வாங்கிக்கொண்டு, மல்லிகைச் சரத்தை மட்டும் முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள்.

அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். பம்பாயிலிருந்து பையன் லீவுக்கு வருகிறான் என்றால் அந்த வீட்டுப் பெண், "என் ஆங்ஙள வரான்" என்று, சொந்தத் தம்பியைச் சொல்கிற மாதிரி, தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். வந்த மறுநாளே, கூடப்பிறந்தவர்களைப் போலவே, இரண்டும் மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும். எனக்கும் வேலை நிமித்தம் வேறு ஊருக்குப் பெட்டி கட்டுகிற காலம் வந்துவிட்டது. ஒரு குழந்தை அழுதால் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்ட ஓர் ஆள் இருக்கும், திறந்துவிட இன்னோர் ஆளும் இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். தெரியாத ஊரில் போய்க் குடியிருக்க எனக்கு அந்தத் தைரியமே போதும் என்று தோன்றுகிறது.