சூமாஷ் தலைவர்களை மாப்பிள்ளை ஆக்கிய நாள்

2011இல் சிட்னியின் பரமட்டாவில் ஒரு போட்டோ லாபில் எனக்கு ட்ரையல் கிடைத்தது. சரிவந்தால் வேலை, இல்லையென்றால் பழையபடி கார் கழுவப் போகவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா அதற்குள் ஊர் முழுக்க, “மகன் கம்ப்யூட்டரில வேலை செய்யிறான்” என்று சொல்லிவிட்டார்.

முதல் நாளே லிண்டா என்ற வாடிக்கையாளர் மூன்று பழைய படங்களோடு வந்தார். கலிபோர்னியாக் கரையோரத்துப் பூர்வகுடிகளான சூமாஷ் மக்களின் தலைவர்கள். அதில் ஒருவர் லிண்டாவின் பூட்டன். அன்று மாலையே நூலக மண்டபத்தில் அந்தப் படங்களின் கண்காட்சி. நான் ஸ்கேன் செய்து, டச்சப்புக்கு முதலாளி சிவம் அண்ணையிடம் கொடுத்தேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் கலியாண ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் கைக்கு வந்த எந்த முகமும் கறுப்பாகவோ சுருக்கத்தோடோ திரும்பிப் போனதில்லை. அவர் திருத்தி எடுத்த பிரின்டுகளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

“அண்ணை, இவை வயசான ஆக்கள். மூண்டு பேரும் தாலி கட்டப் போற மாதிரி நிக்கினம்.”

“ஏன், வடிவா இல்லையே?”

“சுருக்கமெல்லாம் எங்க?”

“காசு வாங்கிப்போட்டு ஆரடா சுருக்கத்தைக் குடுக்கிறது?”

லிண்டா வந்தார். மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் தன் பூட்டன் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிவம் அண்ணை கொஞ்சமும் யோசிக்காமல் ஒருவரைக் காட்டினார். அது வேறு ஊர்த் தலைவர்! லிண்டா கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் புருவங்களுக்கு நடுவே இருந்த இரண்டு ஆழமான கோடுகளைத் தொட்டுக் காட்டினார். பூட்டனுக்கும் அதே கோடுகள். வீட்டில் அவரை அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தானாம். சிரிப்பு நின்றது. அந்த முகம் இல்லாமல் கண்காட்சிக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

மறுபடி ஸ்கேன் செய்தேன். லிண்டாவை அருகில் ஒரு கதிரையில் இருத்தி, ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டேன்: இது தூசியா, அவரா? தூசி என்றால் எடுத்தேன். அவர் என்றால் விட்டேன்.

“கன்னத்தில மட்டும் கொஞ்சம்...” என்று சிவம் அண்ணை மௌசுக்குக் கை நீட்டினார்.

“தொடாதேங்கோ அண்ணை!”

முதலாளியையே அதட்டிவிட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மாலை மண்டபத்தில் பூட்டனின் படத்துக்குப் பக்கத்தில் லிண்டா நின்றார். சிவம் அண்ணை அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதே நெத்தியடா!” என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார். “நாளைக்கு வேளைக்கு வா. இனி மௌசை நீ பிடி.”

மாப்பிள்ளை பிரின்டுகளையும் லிண்டா விட்டுப்போகவில்லை. கலிபோர்னியாவில் உள்ள மாமிமாருக்கு அனுப்பினால் ஒரு கிழமை முழுக்கச் சிரிப்பார்களாம்.

இன்றைக்கும் ஸ்கிரீனில் ஒரு பழைய முகம் வந்தால், சொந்தக்காரரைப் பக்கத்தில் இருத்திக் கேட்காமல் நான் மௌசைத் தொடுவதில்லை.