ரிக் வண்டியில் என் பங்கு

என் கணவர் இறந்த பிறகு திருச்செங்கோட்டு வீட்டில் நான் மட்டும்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் நாலில் ஒரு பங்கை எனக்கு விட்டுப்போயிருந்தார். வண்டி வெளிமாநிலம் கிளம்பும் முன் பங்குதாரர்கள் நாலு பேரையும் கேட்பது எங்கள் வழக்கம். கூட்டாளி செல்வம் போன் செய்வார்.

"அக்கா, ஆந்திராப் பக்கம் போலாமுங்களா?"

எனக்கு அந்தத் தொழிலில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் டிவியை அணைத்துவிட்டு, யோசிப்பதுபோல் சற்று இருந்து, "போகட்டுமுங்க" என்பேன்.

ஒருநாள், புது கம்ப்ரசர் வாங்க இன்னும் நாலு பேரைப் பங்குக்குச் சேர்க்கலாமா என்று கேட்டார்.

"என்ற பங்கு எனக்கே இருக்குமில்லீங்க?"

"அதை யாருங்கக்கா தொடுவாங்க? அப்படியே இருக்கும்."

சரி என்றேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

ஆயுத பூஜையன்று வண்டி நிற்குமிடத்துக்கே போய், எப்போது கிளம்புகிறது என்று செல்வத்திடம் கேட்டேன்.

"நாளைக்குங்கக்கா. இப்ப எட்டுப் பேர்ல அஞ்சு பேரு சரின்னாப் போதும். எல்லார்த்தையும் கேக்கறதில்லீங்க."

என் பங்கை யாரும் தொடவில்லைதான். நாலில் ஒன்று, எட்டில் ஒன்றாகியிருந்தது. விசாரித்ததில், புதியவர்கள் போட்ட பணம் பழைய வண்டியின் மதிப்பில் பாதிகூட இல்லை; ஆனால் வண்டியில் பாதி இப்போது அவர்களுடையது. என் பங்கின் விலை இறங்கியது அங்கேதான் எனக்கு உறைத்தது.

பணத்தை மறந்துவிட்டேன். டிவி மட்டும் நாள் முழுக்க ஓடுகிறது. இனி என்னை எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பதற்கும், அந்தப் போனில் கடைசியாக என்னிடமே சம்மதம் கேட்டிருக்கிறார்கள்.