மீனுவுக்குப் புதுத் துணி

சிங்கப்பூரில் வேலை. என் காக்கட்டீல் கிளி மீனுவையும் கூட்டிப்போக மூன்று மாதம் அலைந்து பர்மிட் வாங்கினேன்.

மீனு பயந்த பறவை. அம்மா தேயிலைக் கொழுந்து கொய்யும்போது இடுப்பில் கட்டிய பழைய சாக்கைக் கூண்டின்மேல் போர்த்தினால்தான் தினமும் அந்தியில் அடங்கும்.

இன்று காலை எஸ்டேட் வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா அந்தச் சாக்கை நீட்டினார்.

"இதையும் எடுத்துட்டுப் போய்யா."

"வேணாம்மா, ஒரே கறை. பார்டர்ல பாத்தா என்ன நெனப்பாங்க?"

புதுத் துணி போர்த்தினேன்.

ரிங்லெட் மலைப்பாதை வளைவுகளில் மீனு கத்திக்கொண்டே கம்பியில் மோதியது. காரை ஓரங்கட்டித் துணியை விலக்கினேன். அலகுக்கு மேலே ரத்தம்.

திரும்பிவிட்டேன்.

அம்மா மருந்து தடவி, சாக்கைப் போர்த்தினார். கூண்டுக்குள் சத்தம் நின்றது.

"நாளைக்குச் சாக்கோட கொண்டு போறேன்மா."

"வேணாய்யா. ஒருவாட்டி பயந்தது போதும்லா. இங்கயே இருக்கட்டும்."

நாளைக்கு நான் மட்டும் போகிறேன். மீனுவின் பர்மிட் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் அதேபோல இன்னொரு சாக்கு உண்டு. எனக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ளவா? பார்டரில் என்ன நினைப்பார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.