மலையடித் தோட்டத்தில் முதல் தொன்னை

அமீரகத்துப் புஜைராவில் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல், தை பிறந்த பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை, மலையடிவாரத்துப் பேரீச்சந்தோட்டம் ஒன்றில் நடக்கும். தோட்டம் ஒரு மலைவாழ் அரபுக் குடும்பத்துடையது. துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் வருவதற்கு முன்பே, தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். வாடகை கேட்டதில்லை. நாங்கள் கூடும்போது சுவரோரம் நின்று பார்ப்பார்கள். முதல் தொன்னைப் பொங்கல், பந்தல் செலவை ஏற்கும் கம்பெனி மேனேஜருக்குப் போகும்.

அந்த வருடம் மைக் என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; எழுதியதைத் தடுமாறாமல் படிப்பேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று அடிதடியே நடக்கும். அந்த வரிசையில் எங்கள் குடும்பம் நின்றதே இல்லை. அதனாலோ என்னவோ, வரிசை எங்கே தொடங்குகிறது என்று நான் எப்போதும் கவனிப்பேன். முதல் தொன்னை தோட்டத்துக்காரருக்கு என்று அறிவிப்பை எழுதிக்கொண்டு போனேன்.

சங்கச் செயலாளர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "மேனேஜர் சார் என்னம்மா நினைப்பாரு? பந்தலே அவரோடது."

"பந்தல் அவரோடது. மண்ணு யாரோடது அண்ணே?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ராமநாதபுரத்துக்காரர் சிரித்தார். "தங்கச்சி சொல்றது சரிதான். எங்கூர்ல எல்லைச்சாமிக்கு வைக்காம எதையும் தொடமாட்டோம். இங்க எல்லைச்சாமி யாரு, விசா குடுத்த கஃபீலா?"

நான் மைக்கில் அறிவித்தேன். தோட்டத்துக்காரர், அந்த மலைக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் சிறு கோடரி பூட்டிய கைத்தடியுடன் வந்தார். நீட்டிய தொன்னையை வாங்கவில்லை. "மாஃபி. தும் மெஹ்மான். பஹ்லே மெஹ்மான்."

மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"என்னவாம்?" என்றார் செயலாளர்.

"நாமதான் விருந்தாளியாம். விருந்தாளி சாப்பிடாம அவரு தொடமாட்டாராம்," என்றார் அடுப்புக்காரர். "வீட்டுக்காரன் பேச்சு. நம்ம அறிவிப்பெல்லாம் கலாஸ், முடிஞ்சுபோச்சு."

தொன்னை என் கையிலேயே ஆறியது. தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பேரீச்சம்பழமும் கஹ்வாக் காப்பியும் வந்தன. அவரே பரிமாறினார். முதல் பழம் பக்கத்தில் நின்ற அடுப்புக்காரரின் கரி பிடித்த கைக்கு, பிறகு எனக்கு. மேனேஜருக்கு அவர் முறை வந்தபோது கிடைத்தது. எல்லோரும் தின்று முடித்த பின் என்னிடமிருந்து தொன்னையை வாங்கி, நின்றபடியே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் மேனேஜர் பந்தல் போடவில்லை. மர நிழலில் கூடினோம். முதல் தொன்னை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்து வீட்டிலிருந்து பேரீச்சம்பழம் வரும்வரை, பொங்கிய பானையை இறக்கி மூடி வைத்திருந்தோம்.