எர்த் வயரும் புஷ்பா டீச்சரும்

எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உங்கள் காரைத் தள்ளியிருக்கிறாளா? என் காரைத் தள்ளியிருக்கிறாள். போன மாதம், ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி வளவில், எல்லோரும் பார்க்க...

அவள் பெயர் புஷ்பா. கொட்டகலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் அங்கே பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு. அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும்போது சாவியைத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரொட்டி விற்க வந்த பாண் வேன்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து பின்னால் கைகொடுத்தார்கள். கண்ணாடியில் பார்க்கிறேன் — மூன்று பேருக்குப் பதில் நான்கு பேர்! ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இவளும் தள்ளுகிறாள். எனக்கு அப்படியே உயிர் போய்விட்டது.

மலைநாட்டில் கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாம் காரை நிறுத்த நிழல் தேட மாட்டோம், இறக்கம்தான் தேடுவோம். சாவி வேலை செய்யாவிட்டால் என்ன? ஹேண்ட் பிரேக்கை எடுத்து, இரண்டாம் கியரில் உருளவிட்டு, கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். இதில் நான் கில்லாடி. பள்ளிக்கூட கேட்டுக்கு மேலே, வீட்டு வாசலில், கோயில் வளைவில் என்று எனக்கென்றே இறக்கங்கள் வைத்திருந்தேன். இரண்டு மாதமாகக் காருக்கு நோய் முற்றிக்கொண்டு வந்ததே இதனால் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வளவு தட்டையாக இருந்தது. அங்கே மாட்டிக்கொண்டேன்.

புஷ்பாவின் கதையையும் சொல்ல வேண்டும். அவள் குடியிருப்பது தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் குவார்ட்டர்ஸில். கணவர் கொழும்பில் கடை வேலை. இரண்டு வருடத்துக்கு முன் வலி எடுத்தபோது தோட்டத்து லொறி வரத் தாமதமாகி, பாதி வழியில் முதல் குழந்தையை இழந்தவள். இந்தத் தடவை குலுங்காமல் போக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பாதையில் த்ரீவீலில் போனால் எலும்பு தனித்தனியாகக் கழன்றுவிடும். நான்தான் மார்தட்டினேன், என் கார் இருக்கிறது, எந்த நேரமானாலும் போன் பண்ணு என்று. வாயை விட்டாயிற்று!

எப்படியோ தள்ளிக் கிளப்பி வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க... நான் வேற வண்டி பாத்துக்கவா?"

கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையே இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாளே ஹட்டனுக்கு, பேட்டரி வாங்கிய கடைக்குப் போனேன். பேட்டரியோ புதுசு! மூன்று வாரத்துக்கு முன்தான், சாவி லேசாக இழுக்கிறது என்று, பழையதைவிடப் பெரியதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். தட்டில் உட்காராமல் ரப்பர் டியூப் போட்டுக் கட்டிய பெரிய பேட்டரி. விற்றவர் நிமல் பாஸ்; எங்கள் பக்கம் மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். வயரிங் வேலையும் அவரே பார்ப்பார். சிங்களவர், கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி நம் தமிழ் அத்துப்படி. இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அவரைப் பிடித்துக் காய்ச்சினேன். செத்த பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டீர்கள், ஒரு கர்ப்பிணியை வண்டி தள்ள வைத்துவிட்டீர்கள் என்றெல்லாம்.

அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி நல்லா இருக்கு என்றார். நான் நம்புவேனா? உடனே ஒரு தடித்த ஜம்பர் வயரை எடுத்தார். ஒரு நுனியைப் பேட்டரியின் நெகட்டிவில், மறு நுனியை என்ஜினின் இரும்பில் கவ்வவிட்டார். இப்போது திருப்புங்கள் என்றார். அரைத் திருப்பு... என்ஜின் ஓடுகிறது!

பிறகு குனிந்து, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் நகத்தால் சுரண்டினார். சிவப்புச் சிவப்பாக உரிந்து வந்தது.

"டீச்சர், இது தகரத்துக்கு அடிக்கிற பெயின்ட் இல்லையா? யாரு அடிச்சது?"

யார் அடித்தது? நான்தான்!

நம் ஊர் மூடுபனியில் துருப்பிடிக்காத பொருள் உண்டா? மழைக்கு முன்னால் கூரைத் தகரத்துக்கு வருஷா வருஷம் சிவப்பு பெயின்ட் அடிக்கிறோம். மிச்சம் இருந்தால் கேட்டுக்கு, அதிலும் மிஞ்சினால் கோழிக்கூட்டுக்கு. இந்த வருஷம் எனக்கு அரை டின் மிஞ்சியது. பானட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே அங்கங்கே துரு. விடுவேனா? வேலையில் நான் சுத்தம். எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலும் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்ததும் அழகாகத் திருகி வைத்தேன். அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்!

நிமல் பாஸ் சுருக்கமாக விளக்கினார். பேட்டரியிலிருந்து போகிற கரண்ட், வேலையை முடித்துவிட்டு பாடி வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்த வழியில் நான் பெயின்டைப் பூசி அடைத்துவிட்டேன். அதற்கு எத்தனை பெரிய பேட்டரி வாங்கி வைத்தாலும் அது என்ன செய்யும்?

யோசித்துப் பார்த்தேன். எதுவும் சரியாக ஓடவில்லை என்றால் நமக்கு முதலில் தோன்றுவது பெரியதாக ஒன்று வாங்குவதுதான். குழாயில் தண்ணீர் வரவில்லையா? பெரிய தண்ணீர்த் தாங்கி. குழாய்க்குள் கிடக்கும் இலையை எடுக்க ஆள் கிடையாது. காசு கொடுத்து வாங்கியதன் மேல்தான் சந்தேகப்படுவோம், நம் கையால் செய்ததன் மேல் ஒருநாளும் படமாட்டோம்.

கணக்கு டீச்சர்கள் தப்பை ஒத்துக்கொண்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒத்துக்கொண்டேன். அந்த இரண்டு வாடிக்கையாளர்களும் போவதற்குள், அவர்கள் காதில் விழும்படியே மன்னிப்புக் கேட்டேன். நிமல் பாஸ் சிரித்துக்கொண்டே இரும்பு பளபளக்கும்வரை பெயின்டைச் சுரண்டினார். பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே புது தடித்த வயர், என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இன்னொன்று. இறுக்கி முடித்த பிறகு மேலே கிரீஸ். பேட்டரிக்குச் சரியான தட்டும் போட்டுத் தந்தார்.

நேரே புஷ்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ராவெல்லாம் பனியில மட்டமான எடத்துல நிக்கட்டுங்க. காலையில நானே சாவியப் போட்டுப் பாக்குறேன்."

அவள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே தட்டையான ஓர் இடம். ஐந்து நாள் கார் அங்கேதான் நின்றது. ஐந்து நாளும் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இடமில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருகினாள். ஐந்து தடவையும் முதல் திருப்பிலேயே பிடித்தது. ஐந்தாம் நாள், "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். முப்பது வருட சர்வீஸில் எந்த இன்ஸ்பெக்டர் முன்னாலும் நான் அப்படிப் பயந்து நின்றதில்லை.

குழந்தை நலம், பெண் — இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பதறிக்கொண்டு படிக்க வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை பகல், நான் வகுப்பில் இருந்தபோது புஷ்பாவிடமிருந்து போன் வந்தது, வலி எடுத்துவிட்டது என்று. கார் ஒரே திருப்பில் கிளம்பியது. மேல் டிவிசனில் அவளை ஏற்றிக்கொண்டேன். குழிக்குக் குழி நின்று நின்று, ஆள் நடக்கிற வேகத்தில் காரை மலையிலிருந்து இறக்கினேன். பின் சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. சக்கர நாற்காலி வந்தது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் சீட்டை விட்டு எழவில்லை. நீ போ, நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன்.

இவ்வளவு வாய் பேசுகிறவளுக்குப் பயம்! அங்கே நிறுத்தினால் மறுபடி கிளம்பாமல் போய்விட்டால்? வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னால்?

நாற்காலியில் உட்கார்ந்த புஷ்பா என் பக்கம் கையை நீட்டினாள்.

"நிப்பாட்டிட்டு வாங்க டீச்சர். அது ஸ்டார்ட் ஆகும், எனக்குத் தெரியும். போன தடவ நான் தனியாத்தான் உள்ள போனேன்."

சாவியை உருவிக்கொண்டு ஓடினேன். வண்டியை வாசலில் விடக் கூடாது என்று செக்யூரிட்டி பின்னாலிருந்து கத்தினார் — விட்டுவிட்டுத்தான் போனேன்.