பெரிலுக்குப் போட்ட கறுப்பு அங்கி

தெல்மா ஹாப்குட்டுக்கு மலமும் மூத்திரமும் அருவருப்பில்லை. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாக அவற்றோடுதான் அவளுக்கு வேலை. கையுறையை மாட்டிக்கொண்டு, மழை வருமா வராதா என்று பேசியபடியே ஒருவரைப் புரட்டித் துடைத்து டயப்பர் மாற்றிவிட அவளுக்கு ஆறு நிமிஷம் போதும். குமட்டல் என்றால் என்னவென்று அவளுக்குக் காட்டியவர்கள், தினம் குளித்து மூலிகைத் தண்ணீர் குடிக்கிற பெண்கள்.

அவர்களிடம் அவளை முதலில் சேர்த்துவிட்டது பெரில். அப்போது தெல்மாவுக்கு முப்பத்து நாலு வயது. கருப்பையை எடுத்த ஆறாம் மாதம் புருஷனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். நூலகத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரில், தன் வீட்டு முன்னறையில் பத்துப் பெண்களைக் கூட்டி ஒரு தேவியைக் கும்பிட்டு வந்தாள். தேவி ஒருத்தி, உருவம் மூன்று. வளர்பிறைக்கு வெள்ளை உடுத்திய கன்னி, பௌர்ணமிக்குச் சிவப்பு உடுத்திய தாய், தேய்பிறைக்குக் கறுப்பு உடுத்திய கிழவி. தெல்மாவிடம் அவள் நீட்டியது சிவப்பு அங்கி.

"எனக்குக் கொழந்தையே பொறக்காதுன்னு தெரிஞ்சும் இதக் குடுக்கிறீங்களா?" என்றாள் தெல்மா.

"பெத்தாத்தான் தாயா? இது என்ன ஆதிகாலத்துச் சட்டமா?" என்றாள் பெரில். "கன்னி, தாய், கெழவிங்கிற வரிசையப் போன நூற்றாண்டுல ஒரு கவிஞர்தான் புஸ்தகத்துல கோத்து வெச்சாரு. அதுக்கு முன்னாடி பண்டிதருங்க ஆளுக்கொண்ணு சொல்லிட்டிருந்தாங்க. நல்லா இருந்துச்சு, நாங்க எடுத்துக்கிட்டோம். ரோமாபுரிக்காரங்க காலத்துக் கல்லு ஒண்ணு சைரன்செஸ்டர்ல இருக்கு, போய்ப் பாரு. மூணு அம்மாங்க உக்காந்திருக்காங்க, மடியில ரொட்டியும் பழமுமா. மூணு பேருக்கும் ஒரே வயசுதான்."

தெல்மா பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாள். பெரில் சொன்னபடியே இருந்தது. அதற்குப் பிறகு சிவப்பை உடுத்த அவளுக்குக் கூச்சமில்லை.

எண்பத்து மூன்றாம் வயதில் பெரிலுக்கு நினைவு தப்பியது. தெல்மா வேலை பார்த்த இல்லத்துக்கே வந்து சேர்ந்தாள். கூட்டம் பாலின் என்பவள் கைக்குப் போனது. அவள் தன் பெயரை மொர்வெனா என்று மாற்றிக்கொண்டு, வெளியூர்ப் பெண்களை வரவழைத்து, ஐம்பது தாண்டியவர்களுக்கு 'கிழவிப் பட்டம்' சூட்டும் சடங்கு ஒன்றைத் தொடங்கினாள். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பெரிலை எட்டிப் பார்க்கவில்லை. இல்லத்துக்கு வந்தது அந்த அக்டோபரில்தான், அதுவும் வரவேற்பறை வரைக்கும்.

"மலைமேல சடங்கு வெச்சிருக்கோம், தெல்மா. எங்களுக்கு நிஜமான கெழவி ஒருத்தி வேணும். பெரில் வந்தா எவ்வளவு அர்த்தமா இருக்கும்!"

"குளிர் தாங்க மாட்டாங்க."

"ஒரு மணி நேரந்தான். சாயங்கால டீக்கு முன்னாடி கொண்டுவந்து விட்டுடலாம். அவங்க தொடங்கின கூட்டமாச்சே."

காற்றுப் பட்டால் பெரிலுக்கு நல்லது என்று தெல்மா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். தொலைபேசியில் கேட்டபோது பெரிலின் அண்ணன் மகன் சரி என்றான். வெளியே அழைத்துப் போகும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் தெல்மாதான்.

மலைமேல் தூறல். சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. சக்கர நாற்காலியில் இருந்த பெரிலுக்குக் கறுப்பு அங்கியைப் போர்த்தி, கையில் ஓர் அரிவாளைத் திணித்தார்கள். காலையில் தெல்மா வாரிவிட்ட தலையை மொர்வெனா விரலால் கலைத்துப் பரட்டையாக்கினாள். அதோடு விடவில்லை. கரிக்கட்டியை எடுத்து, எண்பத்தேழு வயது முகத்தில் சுருக்கங்களை வரைந்தாள். அவள் கூட்டிவந்திருந்த போட்டோக்காரன் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக என்றான், அவளும் அழுத்தினாள். பெரில் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். தெல்மா அதைப் பார்த்தாள். ஆனாலும் சிவப்பு அங்கியோடு தன் இடத்தில்தான் நின்றாள்.

"அழுகலின் அரசியே, கிழவித் தாயே, உன் உடலை வணங்குகிறோம்" என்று பதினாறு பெண்கள் அவளைச் சுற்றி வட்டமாக நின்று சொன்னார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது நாற்றம் வந்தது. பெரில் தன்னையறியாமல் மலம் கழித்துவிட்டிருந்தாள். கன்னியாக வெள்ளையில் நின்ற பெண் கழுத்துத் துணியை மூக்குக்கு ஏற்றினாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். வணக்கம் மட்டும் நிற்கவில்லை.

மொர்வெனா வாயசையாமல் சொன்னாள்: "தெல்மா, அவங்கள அந்தாண்ட தள்ளிடேன். காத்து நம்ம பக்கம் அடிக்குது."

"மாத்தி விடணும். ரெண்டு பேர் வந்து மறைப்புக்குத் துணி பிடிங்க" என்றாள் தெல்மா.

யாரும் அசையவில்லை.

"சடங்கு முடியுற வரைக்கும் வட்டத்த ஒடைக்கக் கூடாது தெல்மா, ஒனக்கே தெரியும்" என்றாள் மொர்வெனா.

தெல்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிலர் கண்ணை மூடித் தியானம் செய்வதுபோல் நின்றார்கள். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வட்டத்தின் நடுவாகவே போனாள். அதற்கு மட்டும் சட்டென்று வழிவிட்டார்கள். கீழே நின்ற இல்லத்து வேனுக்குப் பின்னால் நிறுத்தி, கொண்டுவந்த துணி போதாமல், தன் சிவப்பு அங்கியைக் கழற்றி அதனாலேயே துடைத்தாள்.

"இந்தப் பொம்பளைங்கல்லாம் யாரு?" என்றாள் பெரில்.

"தெரியலை தங்கம்."

"டீ குடுப்பாங்களா?"

"நம்ம எடத்துல போய்க் குடிக்கலாம்."

டயப்பருக்கு ஆறு நிமிஷம்தான் ஆயிற்று. கரியைத் துடைக்கத்தான் நேரம் பிடித்தது. மெல்லிய தோல், அழுத்தினால் கன்றிப்போகும். அங்கியை அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். மேலே மறுபடி பாட்டுத் தொடங்கியிருந்தது.

நடந்ததை அவளே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். எழுத்து மூலமாக ஒரு கண்டிப்புக் கடிதம் கிடைத்தது. அதை மறுக்கவில்லை. கரிக்கட்டியைப் பார்த்த அந்த நொடியிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்காமல் ஏன் நின்றோம் என்று நினைக்கும்போதெல்லாம் தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து இயற்கை உணவு விற்கிற ஒரு கடைச் சன்னலில் கிழவிப் பட்டச் சடங்குக்கான விளம்பரம் ஒன்றைக் கண்டாள். கரி பூசிய பெரிலின் முகம். கீழே, 'உன்னுள் இருக்கும் கிழவியை வரவேற்பாய்.' உள்ளே போய்க் கிழித்தெடுத்தாள். "எவ்வளவு அழகான படம், ஏன் கிழிக்கிறீங்க?" என்றாள் கடைக்காரி. தெல்மா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை மொர்வெனா தொலைபேசியில் அழைத்தாள்.

"நீ கோவமா இருக்கேன்னு புரியுது. கோவமும் தேவியோட ஒரு முகந்தான்."

"பாலின், பெரில் எந்த மாடியில இருக்காங்க?"



"என் பேரு மொர்வெனா" என்றது மறுமுனைக் குரல். தெல்மா வைத்துவிட்டாள். அந்தக் கூட்டத்துக்கு அவள் திரும்பப் போகவில்லை.

பெரில் மார்ச்சில் இறந்தாள். கழுவி, தலை வாரி, அவளுக்குப் பிடித்த நீலக் கம்பளிச் சட்டையைத் தெல்மா மாட்டிவிட்டாள். அடக்கத்தின் நாளும் நேரமும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்பியாகிவிட்டது. அண்ணன் மகனும், இல்லத்திலிருந்து மூன்று பேரும் நின்றார்கள். அந்தப் பதினாறு பேரில் ஒருத்திகூட வரவில்லை. பிறகு அவர்களில் சிலரைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டபோது, அன்றைக்கு மழை என்றார்கள்.